ஈரம் போகத் துடைங்க

“முதல்ல மீனை ஈரம் போகத் துடைங்க சார். பதினோரு வருஷம் ஹோட்டல்ல மீன் வறுத்தவன் சொல்றேன்.”

நாற்காலியில் உட்கார்ந்தபடியே சமையல்காரர் அதட்டினார். கணக்கு வாத்தியார் சால்மன் துண்டைத் துணியால் ஒற்றினார். முதல் துண்டு பிய்ந்து குப்பைக்குப் போயிருந்தது. மிச்சம் இது ஒன்றுதான். ஏழு மணிக்கு மனைவி வந்துவிடுவாள். கல்யாண நாளை மறந்த குற்றத்துக்கு இந்த மீன்தான் மன்னிப்புக் கடிதம்.

“தோல் பக்கம் கீழே. கை வைக்காதீங்க.”

“எப்பத் திருப்பறது?”

“நான் சொல்றப்ப.”

எல்லாம் வாயால்தான். மனிதர் எழுந்து வந்து ஒரு கரண்டியைக்கூடத் தொடவில்லை.

மீன் பொன்னிறமானது. உருகிய வெண்ணெயில் எலுமிச்சை பிழிந்ததும் வீடே மணத்தது. வாத்தியார் சாஸைக் கரண்டியில் எடுத்து அவருக்கு ஊட்டினார்.

“உப்பு கம்மி.”

அழைப்பு மணி அடித்தது. வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள்.

“திருடனைப் பிடிச்சு வச்சிருக்கேன்னு போன் பண்ணது நீங்கதானே? எங்க அவன்?”

வாத்தியார் கரண்டியால் நாற்காலியைக் காட்டினார். துணி காயப்போடும் கயிற்றால் சமையல்காரர் அதோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தார்.

“ஒல்லியா இருக்கீங்க, தனியாளா எப்படி சார் பிடிச்சீங்க?”

“நான் எங்க பிடிச்சேன்? திரைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்திருக்காரு. முதல் துண்டை ஈரத்தோட சட்டியில போட்டேன். பொறுக்க முடியாம ‘அடப்பாவி’ன்னு கத்திக்கிட்டு அவரே வெளிய வந்துட்டாரு. பிய்ஞ்ச மீனையே பார்த்துக்கிட்டு நின்னாரு, அப்பவே கட்டிப்போட்டுட்டேன்.”

கைவிலங்கோடு படியிறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

“சாஸை மறுபடி சூடு பண்ணிடாதீங்க சார். திரிஞ்சிடும்.”