மூன்றாவது வளைவு

வரிசையாக சைக்கிளில் போகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதனால் பள்ளம் வந்தால் முன்னால் போகிறவர் கையைத் தாழ்த்தி அதைக் காட்டிவிட வேண்டும். அவரைப் பார்த்து அடுத்தவர் காட்டுவார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர்.

போன வருடம் இந்த ஸ்பெயின் தீவுக்கு விடுமுறைக்கு வந்தபோது தேவசகாயத்துக்குப் பின்னால் அவர் மனைவி ரெஜினா வந்தாள். "எனக்கு உங்க முதுகு மட்டுந்தான் தெரியும். பாத்து கையக் காட்டுங்க" என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். மலையிலிருந்து இறங்கும்போது, மூன்றாவது வளைவில் சட்டென்று கடல் தெரிந்தது. "அங்க பாரு" என்று அவர் கையை நீட்டினார். அவள் பார்த்தாள். பள்ளம் அவளுடைய சக்கரத்துக்கு நேராக இருந்தது. நாகர்கோவிலுக்கு அவளைப் பெட்டியில்தான் கொண்டுபோனார்.

இந்த வருடம் முன்பின் தெரியாத ஒன்பது பேரோடு வந்திருக்கிறார். இறக்கத்தில் முன்னால் போகும் இடத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாவது வளைவில் சாலையைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். தார் கன்னங்கரேலென்று ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. அவருடைய கை தாழ்ந்து அந்த இடத்தைக் காட்டியது.

வளைவைத் தாண்டிக் கீழே வந்ததும் அண்ணாந்து பார்த்தார். ஒன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கையைத் தாழ்த்திக் காட்டிக்கொண்டு, ஒன்றுமில்லாத அந்த இடத்தை விட்டு ஒதுங்கி வந்தார்கள். கடைசியாக வந்த பெண்ணும், பின்னால் யாருமில்லாதபோதும், கையைத் தாழ்த்தினாள்.

கடலை ஒருவரும் பார்க்கவில்லை.