திரும்பினால் தோல்வி

எவர்சில்வர் தட்டு அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்து, சுற்றிச் சுற்றி அடங்கியது. "இன்னொண்ணு எடுங்க அண்ணி!" என்று கத்தினாள் மனைவி. அவன் அக்கா இரண்டாவது தட்டையும் வீசினாள்.

அவன் திரும்பவில்லை. விரல்கள் பியானோக் கட்டைகளின் மேல் ஓடிக்கொண்டே இருந்தன.

"எருமை மேல மழை பெஞ்ச மாதிரி உக்காந்திருக்கான் பாரு உன் புருஷன்."

"உங்க தம்பிதானே, வேற எப்படி இருப்பார்?"

அக்கா சிரித்தாள். அவனும் வாசித்தபடியே சிரித்தான். சண்டை இல்லை இது, சாதகம். அவனே கேட்டு வாங்கியது.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். போன தடவை இசைப்பள்ளித் தேர்வு மேடையில் வாசிக்கும்போது யாரோ இருமினார்கள். அவ்வளவுதான், விரல் மரத்துப்போய்ப் பாதியிலேயே இறங்கி வந்தான். நாளைக்கு மறுபடி அதே மேடை. இதையும் விட்டால் இனி வாய்ப்பு இல்லை.

வாசிக்க வேண்டிய இசையில் ஒரு பள்ளம் இருந்தது. இடது கை வலது கையைத் தாண்டிக் குதித்து, மேலே ஒரு கட்டையைத் தொட்டுத் திரும்ப வேண்டிய இடம். இடது கை தனியாக, வலது கை தனியாக, ஆமை நகர்கிற மாதிரி மெதுவாக, அப்புறம் கடைசி வரியிலிருந்து பின்னோக்கி என்று மாதக்கணக்கில் பழகியதில் விரல் சொன்னபடி கேட்டுவிட்டது. காதுதான் அடங்கவில்லை. அதை அடக்கத்தான் இந்தக் கூத்து. வீடே இடிந்தாலும் வாசிக்க வேண்டும், திரும்பினால் தோல்வி.

நேற்று மனைவி "தீ! தீ!" என்று அலறினாள். பதறி எழுந்து ஓடினான். அடுப்படியில் அவள் முகமெல்லாம் சிரிப்பு. தோற்ற வெட்கம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

"நாளையோட இது முடிஞ்சிடும்தானே?" என்று கேட்டாள் இப்போது.

"முடியறதாவது! ஜெயிச்சா அடுத்தது இதைவிடப் பெரிய மேடை. சரி, கடைசியா ஒரு தடவை முழுசா வாசிக்கிறேன். என்ன வேணா பண்ணுங்க."

ஆரம்பித்தான். உள்ளே பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு மனைவியின் குரல், மெதுவாக.

"ஏங்க, எனக்கு அலுத்துப் போச்சு. பகலெல்லாம் கிரேன், சாயங்காலம் ஆனா இது. உங்க முதுகுகூடத்தான் நான் குடும்பம் நடத்தியிருக்கேன்."

இது புதுசு என்று நினைத்தான். கத்தினால் காதை மூடிக்கொள்ளலாம்; மெதுவாகப் பேசினால் காது தானாக அந்தப் பக்கம் சாயும். கெட்டிக்காரி.

"காய்ச்சல்ல கிடந்தப்போ தண்ணி கேட்டேன். இந்த வரி முடியட்டும்னீங்க."

சுருக்கென்றது. அது நடந்ததுதான். எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்து குத்துகிறாள். பயிற்சி என்றால் இதுவல்லவா பயிற்சி!

பெட்டிச் சக்கரம் கடகடவென்று உருண்டு வாசலில் நின்றது. பள்ளம் நெருங்கியது.

"ஒரே ஒரு தடவை இங்க பாருங்க."

குரல் உடைந்திருந்தது. அவன் கழுத்து தானாக அசைந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினான். இடது கை தாண்டியது, தொட்டது, பிசகாமல் திரும்பியது.

கடைசிக் கட்டையின் ஒலி அதிர்ந்து ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ஜெயிச்சாச்சு!" என்று துள்ளி எழுந்து திரும்பினான். "அவளைக் கூப்பிடுக்கா. என்னமா நடிக்கிறா!"

அக்கா மூன்றாவது தட்டை வீசாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ திரும்பினா இருந்துடலாம்னுதான்டா கடைசி வரைக்கும் நின்னா."