பரீட்சை விதவை

“அம்மா, உங்க வீட்டுக்காரர் தவறிட்டார்.”

“எங்க, மாடிப்படியிலயா?”

பயிற்சி டாக்டர் திணறினார். “இல்லம்மா... காலமாயிட்டார்.”

“அதை ஏன் சுவத்தைப் பார்த்துச் சொல்றீங்க? செத்தது சுவரோட புருஷனா?”

மூலையில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்த பேராசிரியர் சிரிப்பை விழுங்கினார். நோயாளியின் வீட்டாரிடம் சாவுச் செய்தி சொல்லும் தேர்வு அது. மனைவியாக நடிக்க வருபவளுக்கு மருத்துவக் கல்லூரியே வைத்த பெயர், பரீட்சை விதவை. மூன்று மாதத்தில் நாற்பது பேர் அவள் கணவனைக் கொன்றிருந்தார்கள். பேராசிரியர் தேர்ச்சி கொடுத்தவர்களைக்கூட அவள் உதட்டைப் பிதுக்கித்தான் அனுப்பினாள்.

பயிற்சி டாக்டருக்கு இது மூன்றாவது முயற்சி. இன்றும் கோட்டை விட்டால் இன்னும் ஆறு மாதம் பயிற்சி. வார்டுப் பொறுப்பு கனவுதான்.

“சரி, இன்னொரு தடவை சாகடிங்க,” என்றாள். “இந்தத் தடவை உட்கார்ந்து.”

உட்கார்ந்தார். “எங்களால முடிஞ்சதை எல்லாம் செஞ்சோம். ஆனா...”

“ரிப்பேர் கடைக்காரர் மாதிரி இழுக்காதீங்க. இருக்காரா, இல்லையா?”

மனப்பாடம் செய்தது அத்தனையும் டாக்டருக்கு மறந்துபோயிற்று. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இறந்துட்டாரும்மா,” என்றார் மெல்ல. “அந்த நேரத்துல நான் பக்கத்துலதான் இருந்தேன். அவரைத் தனியா விடல.”

சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை; அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நேரம் முடிந்து மணி அடித்தும் நிறுத்தவில்லை.

“அடடா, என்ன நடிப்பு!” என்றபடி பேராசிரியர் ‘தேர்ச்சி’ என்று எழுதினார்.

மறுநாள் காலை, வார்டில் முதல் சுற்று.

“முதல்ல பதினாலாம் கட்டில், டாக்டர்,” என்றார் நர்ஸ். “அந்த வீட்டம்மா பெரிய டாக்டர்கிட்டப் பேசி உங்களைத்தான் கேட்டு வாங்கியிருக்காங்க.”

கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒருவர். மூக்கில் ஆக்சிஜன் குழாய். பக்கத்து ஸ்டூலில் பரீட்சை விதவை.

“இவர்தாங்க,” என்றாள் கட்டிலில் கிடந்தவரிடம்.

அவர் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க டாக்டர். மூணு மாசமா சலிச்சுச் சலிச்சு உங்களைப் பிடிச்சிருக்கா. நேத்து சொன்ன மாதிரியே இவகிட்ட ஒரு தடவை சொல்லிடுங்க... அவசரம் ஒண்ணுமில்ல, இன்னும் பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்!”