காரணம்: கீழே எழுதவும்

“வாடிக்கையாளர் டேட்டா மொத்தத்தையும் அழிக்கிற உரிமையை நேத்து தூக்கிக் கொடுத்திருக்கீங்களே, ஏம்மா?”

கணினிப் பாதுகாப்பு அதிகாரி கேட்டதும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். நிறுவனத்தின் டேட்டா இருக்கும் இணையச் சேமிப்பான க்ளவுடில், அவரவர் வேலைக்குத் தேவையானதற்கு மேல் ஒரு துளி உரிமையும் போகாமல் பார்ப்பதுதான் அவள் வேலை. நேற்று காலை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே, உரிமை கேட்டுப் போனில் வந்த கோரிக்கைகளுக்கெல்லாம் ‘சம்மதம்’ அழுத்தியிருந்தாள்.

“காரணம் படிச்சீங்களா?”

“படிச்சேன் சார். ஏதோ அவசர வேலைன்னு...”

அவர் லேப்டாப்பைத் திருப்பினார். காரணம் என்ற கட்டத்தில், ‘இது சோதனை. படித்தால் மறுத்துவிடவும்’ என்று இருந்தது.

“வேலை போயிடுமா சார்?”

“நான் வச்ச சோதனைதான், பயப்படாதீங்க. அந்த உரிமையை அப்பவே ரத்து பண்ணிட்டேன். இனிமேலாவது படிச்சுட்டு அழுத்துங்க.”

போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனில் நேற்றைய பட்டியலைத் திறந்து பார்த்தாள்.

“அழிக்கிற உரிமை ரெண்டு பேருக்குக் கொடுத்திருக்கேன். ரெண்டையும் ரத்து பண்ணிட்டீங்கல்ல சார்?”

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“நான் அனுப்பினது ஒண்ணுதானேம்மா!”