தண்ணீர்மலைக் குரங்கு

பூங்காவில் நடக்கப் போவதற்குப் பட்டுச்சேலை எதற்கு என்று சற்குணத்துக்கு விளங்கவில்லை. அம்மாதான் பிடிவாதமாகக் கட்ட வைத்தாள்.

தண்ணீர்மலைப் பூங்காவில் நுழைந்ததுமே, எதிரே வந்த ஓர் அம்மாளின் கைப்பையைக் குரங்கு பறித்தது. கூட வந்த வாலிப மகன் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். சற்குணம் சேலையை இழுத்துச் செருகி, கீழே கிடந்த குச்சியை எடுத்து ஓங்கிக் குரங்கை விரட்டிப் பையை மீட்டுக் கொடுத்தாள்.

"நல்லா இரும்மா," என்று அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாலையில் தொலைபேசியை வைத்த அம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"பூங்காவுல பார்த்தியே, அவங்க உன்னைப் பொண்ணு பார்க்கத்தான் வந்தாங்க. சொன்னா வரமாட்டேன்னு மறைச்சேன். இப்ப வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

"குரங்குக்கே பயப்படாதவ மாமியாருக்கா பயப்படப் போறான்னு அந்தம்மா கேட்டாங்களாம். நீயும் கொஞ்சம் கத்தியிருக்கலாம் லா."