பேரைச் சொல்லணும்

“அதிகாரியே, தண்ணி கொடு!” என்று பாக்கியலக்ஷ்மி அடுக்களையில் ஒத்திகை பார்த்தாள்.

சாயா குடித்துக்கொண்டிருந்த கணவர் உதட்டைப் பிதுக்கினார். “இப்படிக் கத்தினா மட்டாஞ்சேரியில ஒரு பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. எந்த அதிகாரி? பேரைச் சொல்லிக் கத்து. அப்பத்தான் மேலிடத்துக்கு உறைக்கும்.”

“பேர் மட்டும் வேண்டாங்க. என் வாயில வராது.”

“மாசக்கணக்கா குழாய்ல காத்துதான் வருது. கொச்சங்காடிப் பொம்பளைங்க எல்லாம் உன்னை நம்பி வர்றாங்க. நீயே தயங்கினா எப்படி?”

“அந்த ஆளும் பாவம் இல்லையா?”

“பாவம் பார்த்தா குடம் நிறையாது.”

காலிக் குடங்களோடு பெண்கள் தண்ணி ஆபீஸ் கேட்டை மறித்தபோது, எல்லோரும் பாக்கியலக்ஷ்மியின் வாயையே பார்த்தார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“எஞ்சினியர் சுடலைமணி ஒழிக!”

“ஒழிக! ஒழிக!” என்று கூட்டம் குடங்களைத் தட்டியது.

கண்ணைத் திறந்தாள். காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டையில் எஞ்சினியர் வராந்தாவில் நின்றார். காதில் போன்.

“கேக்குதா சார்? முதல்ல கத்தினது என் வீட்டுக்காரி. கல்யாணமான நாள்லேருந்து இன்னிக்குத்தான் என் பேரைச் சொல்லியிருக்கா. நான் எழுதிக் கேட்டதுக்குத்தான் நீங்க அசையலை. இப்பவாவது புதுக் குழாய்க்கு ஆர்டர் போடுங்க. இல்லேன்னா நீங்களே வந்து பதில் சொல்லுங்க.”

போனைப் பொத்திக்கொண்டு, இன்னும் சத்தமாக என்று அவளுக்குக் கை காட்டினார்.