கொசுறுத் தட்டு

"இந்த மஞ்சள் தட்டை இங்க கொண்டு வந்து விட்டவன் எவனோ, அவன் பசின்னா என்னன்னே தெரியாம வளர்ந்தவன்" என்றாள் பரிமாறுகிற அக்கா.

கடைப் பையை மேசைமேல் வைத்துக்கொண்டிருந்த பாத்திரக் கடைக்காரர் நிமிர்ந்தார். அரசுப் பல்கலைக்கழக உணவகத்துக்குக் கரண்டி, டம்ளர் ஆர்டர் பேச வந்தவர். பேரம் பேசியே தள்ளுவண்டியை மாடிக் கடையாக்கியவர். கோபம் எப்போதும் மூக்கு நுனியில்.

"பசி தெரியாதவன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? எவனோ நல்ல மனுஷன், ஏழைப் பிள்ளைங்க சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கிறான். அவனைப் போய்த் திட்டுறே."

"காசு கொடுத்ததுக்குக் கையெடுத்துக் கும்பிடுவேன். கூடவே கொசுறா இந்த மஞ்சள் தட்டையும் அனுப்பி, 'என் காசுல சாப்பிடுறவங்க இதுலதான் சாப்பிடணும்'னு சொன்னான் பாருங்க, அதுக்குத்தான் திட்டுறேன். காசு கட்டினவங்களுக்கு வெள்ளைத் தட்டு. கட்ட முடியாதவங்களுக்கு மஞ்சள்."

"அதுல என்ன தப்பு? கொடுக்கிறவனுக்குக் கணக்கு வேணாமா? நீங்க பத்துப் பேருக்குப் போட்டுட்டு நூறு பேர்னு சொன்னா அவன் எங்க போய் முட்டிக்கிறது?"

"கணக்கெல்லாம் சுத்தமா இருக்கு. மஞ்சள் தட்டை எடுக்க ஆளே வர்றதில்லை."

அக்கா கரண்டியை நீட்டிக் காட்டினாள். குடிநீர்க் குழாயடியில் ஒரு மாணவி பாட்டிலை நிரப்பினாள். நின்ற இடத்திலேயே குடித்தாள். மறுபடி நிரப்பிக்கொண்டு நூலகத்துப் பக்கம் நடந்தாள்.

"கணிதம் படிக்கிற பொண்ணு. வந்த புதுசுல மஞ்சள் தட்டுல சாப்பிட்டுச்சு. இப்ப மதியம் வெறும் தண்ணி. கேட்டா வயிறு சரியில்லையாம். போன வாரம் வகுப்புல மயங்கி விழுந்துச்சு. படிப்பை விட்டுட்டு வீட்டுக்கே போயிடறேன்னு நேத்து எங்கிட்ட அழுதுச்சு."

"ஒரு தட்டுக்காகவா? கொழுப்பு. எல்லாத் தட்டுலயும் அதே சோறுதானே? நிறத்தையா திங்கப் போறாங்க?"

"அப்ப நீங்க தின்னு காட்டுங்க."

பேரத்தில் பின்வாங்கிப் பழக்கமில்லாதவர். "போடு" என்று கையை நீட்டினார்.

மஞ்சள் தட்டோடு கூடத்தின் நடுவே நடந்தார். பேச்சுச் சத்தம் நின்றுவிடவில்லை, கொஞ்சம் தணிந்தது, அவ்வளவுதான். ஒரு மேசையில் இருந்தவர்கள் அவசரமாக நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருவர் உட்காரத் தேவையானதைவிட நிறையவே.

எதிரில் இருந்த கண்ணாடி போட்ட மாணவன் தன் வெள்ளைத் தட்டிலிருந்து முட்டையை எடுத்து இவர் தட்டில் வைத்தான்.

"சாப்பிடுங்க ஐயா. எனக்கு அவ்வளவா பசியில்லை."

'நான் யாருன்னு தெரியுமா' என்று சீற வாயைத் திறந்தார். அந்த முகத்தில் கேலி இல்லை. இரக்கம் இருந்தது. கேலியாக இருந்திருந்தால் திட்டிவிட்டுச் சாப்பிட்டிருப்பார்.

சோறு இறங்கவில்லை. முட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, "நீ சாப்பிடு ராஜா" என்று எழுந்து வந்தார்.

"என்னண்ணே, நிறம் கசக்குதா?"

போனை எடுத்துக் கடைக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"குடோன்ல மஞ்சள் தட்டு எவ்வளவு கிடக்குது? எல்லாத்தையும் வண்டியில ஏத்தும்யா. ஆமா, விக்காத சரக்குதான். எனக்குத் தெரியாதா? ஏத்தும்."

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"நாளையில இருந்து இங்க வெள்ளைத் தட்டே கண்ணுல படக் கூடாது. மாணவன், பேராசிரியர், துணைவேந்தர், யாரா இருந்தாலும் மஞ்சள். டோக்கனும் எல்லாருக்கும் ஒரே மாதிரி. ஆபீஸ்ல நான் சொல்லிக்கிறேன். வெள்ளைத் தட்டை நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

"சும்மாவா?"

"ஓரமெல்லாம் உடைஞ்ச தட்டும்மா அது."

"உடைஞ்சதை எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க? டம்ளர் கொசுறு போடுங்க."

"நீ கடை வச்சிருந்தா நான் பிழைச்சிருக்க முடியாது. சரி, போடறேன்."

"எல்லாம் மஞ்சளாயிட்டா யார் அவன் காசுல சாப்பிடுறாங்கன்னு எப்படித் தெரியும்? அந்தக் கொடுத்த மகராசன் கணக்குக் கேப்பானே."

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவர் எனக்குப் பழக்கம்தான். நான் எடுத்துச் சொல்றேன். உன் வாய்வார்த்தையே போதும்பார். கெட்ட மனுஷன் இல்லைம்மா. வியாபாரி. அவருக்கு அது தோணலை."

அக்கா சிரித்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த மஞ்சள் தட்டு ஒன்றை எடுத்து, அவர் மேசைமேல் வைத்த பைக்குப் பக்கத்தில் வைத்தாள். தட்டின் அடியில் அச்சடித்த பேரும் பையில் இருந்த பேரும் ஒன்றே.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு ஆபீஸ்ல எல்லார் வாயையும் கட்டினீங்களாம். கழுவுறவ தட்டைத் திருப்பிப் பார்ப்பாள்னு நினைக்கலையே நீங்க. உங்க காதுல விழணும்னுதான் நீங்க வந்து நின்னதும் ஆரம்பிச்சேன். தட்டை அனுப்பிட்டுக் கடையில உக்காந்துக்காதீங்கண்ணே. நாளைக்கு மதியம் அந்தப் பொண்ணை நான் குழாய்கிட்ட போக விடாம இழுத்துட்டு வர்றேன். அதுக்கு முன்னாடி மஞ்சள் தட்டோட வரிசையில நீங்க நிக்கணும், துணைவேந்தரையும் கூட்டிக்கிட்டு. கொசுறு போட்ட கைதான் வந்து சரிபண்ணணும்."